ரோட்டுக்குக் குறுக்கே நின்ற பெட்டி

மலையிலிருந்து மரம் இறக்குவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சின்ன ரயில் பாதை ஒன்று கள்ளக்குறிச்சி ரோட்டில் கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. மரம் வருவது நின்று போனதும் பாதையில் பாதியைக் கரும்புக் கொல்லைகள் விழுங்கிவிட்டன. மிஞ்சியது ரோட்டைக் கடந்து போகும் ஒரு துண்டுத் தண்டவாளமும், தகரக் கொட்டகைக்குள் இற்றுக் கிடந்த இரண்டு தேக்குப் பெட்டிகளும்தான். அவற்றைப் பழையபடி ஆக்கி, பொங்கலுக்குப் பொங்கல் ஜனங்களை ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூட வாத்தியார் தீனதயாளன் கிளம்பினார். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள், சுரண்டுவார்கள், தேய்ப்பார்கள், அந்தி சாயக் கலைந்து போவார்கள்.

சின்னக்கண்ணு முதலில் அங்கே போனது கூலிக்குத்தான். கொட்டகையைச் சுற்றி மண்டியிருந்த வேலிகாத்தான் முள்ளை வெட்ட வாத்தியார் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வேலை ஒரே நாளில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே வந்து, ஓரமாகக் கிடந்த உப்புத்தாளை எடுத்து ஜன்னல் சட்டத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

"கூலி இல்லாத வேலைக்கு இப்பிடி ஓட்றியே, அங்க இன்னாதான் வெச்சிக்கினு இருக்காங்க?" என்று மனைவி இருசம்மாள் கேட்பாள். வாரத்தில் ஆறு நாள் கரும்பு வெட்டிவிட்டு ஏழாவது நாளும் மனுஷன் வீட்டில் தங்காவிட்டால் எந்தப் பெண்டாட்டிதான் கேட்க மாட்டாள்? சின்னக்கண்ணு சிரித்து மழுப்பிவிடுவார்.

விஷயம் இதுதான். கடைத்தெரு டீக்கடையில் சின்னக்கண்ணு மாதிரிக் காலனி ஆட்களுக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டுக் கழுவி வெளியே கவிழ்த்து வைக்க வேண்டும். கொட்டகையிலோ வாத்தியார் தூக்குவாளியில் டீ வாங்கி வந்து, கைக்கு வந்த கிளாஸில் ஊற்றி, கைக்கு எட்டியவருக்குக் கொடுப்பார். முதல் நாள் சின்னக்கண்ணு குடித்துவிட்டு வைத்த கிளாஸை, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ராஜாங்கம் எடுத்து, கழுவக்கூட இல்லாமல், தனக்கு டீ ஊற்றிக்கொண்டார். ராஜாங்கம் நாலு காணி கரும்பு வைத்திருந்த குடியானவர். சின்னக்கண்ணு பல தடவை அவருடைய கொல்லையிலேயே கூலிக்குப் போனவர். அதைப் பார்த்த பிறகுதான் மறுபடி அங்கே போகத் தோன்றியது என்று பின்னொரு நாள் மகன் தமிழழகனிடம் சொன்னார்.

கொல்லையில் ராஜாங்கத்தை "ஐயா" என்பவர், கொட்டகைக்குள் "அண்ணே" என்பார். அப்படிக் கூப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு பெட்டியை ஏறக்குறைய முடித்தார்கள். உள்ளே நீளப் பலகைகளுக்கு வார்னிஷ் ஏறியது. சக்கரத்துக்கு வாராவாரம் கிரீஸ் வைப்பது சின்னக்கண்ணு வேலை. கை முழங்கை வரைக்கும் கறுத்துத்தான் வீட்டுக்குப் போவார்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்தபோது சாலை மறியல் வந்தது. படிப்பிலும் உத்தியோகத்திலும் தங்கள் ஜாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு வட மாவட்டமெல்லாம் ரோட்டில் இறங்கியது. ராஜாங்கமும் அந்த ஜாதிதான். அவருடைய மகன் நன்றாக மார்க் வாங்கியும் கேட்ட காலேஜில் இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ராஜாங்கம் வெந்து போயிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மறியல்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

"மரத்த வெட்டிப் போட்டா போலீஸ்காரன் இழுத்துப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கான். அந்த ரயில் பெட்டிய ரோட்டுல நிறுத்திட்டா எவன் நகத்துவான்? கொட்டாய் சாவி உங்ககிட்டதான கீது?"

ராஜாங்கம் உள்ளே உட்கார்ந்திருந்த மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு தாமே போய்ப் பூட்டைத் திறந்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளையும் எடுத்துவிட்டார். பத்துப் பேர் கை வைத்ததும் பெட்டி சத்தமில்லாமல் உருண்டு ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. திரும்பத் தள்ளிவிடக்கூடாது என்று கடப்பாரை கொடுத்து நெம்பி, ஒரு பக்கச் சக்கரங்களைத் தண்டவாளத்தை விட்டு மண்ணில் இறக்கிவிட்டார்கள்.

சின்னக்கண்ணுவுக்கு இது எதுவும் தெரியாது. கலவர நேரம், வெளியே தலை காட்ட வேண்டாம் என்று காலனியில் எல்லாரும் வீட்டோடு இருந்தார்கள். மறுநாள் காலையில் ஆட்டுக்குப் புல் அறுக்க வாய்க்கால் ஓரம் போன இருசம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்தது. காலுக்கு மேலே துணியால் கட்டி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கென்று சின்னக்கண்ணு ஓட்டினார். தமிழழகன் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தான்.

வளைவு திரும்பியதும் பெட்டி தெரிந்தது. முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்கால். வாய்க்கால் நிறைய வெட்டிப் போட்ட முள். நடுவே அவர் தேய்த்த பெட்டி, முன்னே நூறு பேர், அவர்களில் ராஜாங்கம்.

வண்டியிலிருந்து குதித்து ஓடினார். "அண்ணே, இருசம்மாள பாம்பு கடிச்சிடுச்சுண்ணே! பெட்டிய தள்ளுங்கண்ணே!"

ஊர்ப் பார்வையில், நட்ட நடு ரோட்டில், காலனிக்காரன் ராஜாங்கத்தை அண்ணே என்கிறான். கூட்டத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. ராஜாங்கம் வாய் திறக்காமல் நின்றது கொஞ்ச நேரம்தான். ஆனால் சின்னக்கண்ணு அதைப் பார்த்துவிட்டார்.

பிறகு ராஜாங்கமே கத்தினார், "டேய், வாங்கடா, கை குடுங்கடா!" தள்ளினார்கள். கூட்டம் முழுக்க அல்ல, ஆனாலும் நிறையப் பேர் தள்ளினார்கள். மண்ணில் புதைந்த சக்கரம் அசைய மாட்டேன் என்றது.

"வண்டி போவாது. ஆள பெட்டிக்குள்ளாற ஏத்தி அந்தாண்ட எறக்கிடலாம்" என்றார் ராஜாங்கம்.

இந்தப் பக்கக் கதவு வழியாக ஏற்றினார்கள். ராஜாங்கம் கால் பக்கம், சின்னக்கண்ணு தலைப் பக்கம். தூக்கிச் செல்லக் கட்டில் இல்லை என்பதால் உள்ளே இருந்த நீளப் பலகை ஒன்றை ராஜாங்கம் கடப்பாரையால் பெயர்த்து எடுத்தார். அதன் மேல் படுக்க வைத்தபோது இருசம்மாள் கண்ணைத் திறந்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. கையால் பலகையைத் தடவினாள்.

"இதா உன் ரயிலு? வழுவழுன்னு கீதே" என்றாள்.

"பேசாத புள்ள. மூச்ச வுடு."

அந்தப் பக்கம் இறங்கியதும் ஜீப்பும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பலகைக்குத் தோள் கொடுக்கக் கூட்டத்திலிருந்து இரண்டே பேர் வந்தார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடந்தார்கள். வழியெல்லாம் புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் பலகையை இறக்கி, கிளைக்கு மேலே தூக்கிக் கொடுத்து, மறுபடி தோளில் ஏற்ற வேண்டியிருந்தது. வெயில் ஏறியது. தமிழழகன் அம்மாவின் முந்தானையால் விசிறிக்கொண்டே கூட வந்தான். டவுனுக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லின் கிட்டே வந்தபோது அவன் விசிறுவதை நிறுத்திவிட்டான்.

"எறக்குங்க" என்றார் சின்னக்கண்ணு.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்யா" என்று ராஜாங்கம் நடந்துகொண்டே இருந்தார்.

"எறக்குங்கய்யா. போயிட்டா."

காரியமெல்லாம் முடிந்த பிறகு ராஜாங்கம் காலனிக்கு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை. சின்னக்கண்ணு எழுந்து நின்றார்.

"பூட்ட தொறந்து வுட்டது நான்தான், சின்னக்கண்ணு."

"தெரியுங்கய்யா."

"அய்யாவா? அண்ணேன்னு கூப்புட மாட்டியா?"

"நீங்க ஒதுக்கீடு கேட்டது தப்புன்னு நான் சொல்லலிங்க. உங்க புள்ளையும் படிக்கணும்ல. அந்தச் சக்கரத்துக்குக் கிரீஸ் வெச்சது யாரு? நான்தான? துருப்புடிச்சே கெடந்திருந்தா ஒரு அடி நகந்திருக்குமா? ராவெல்லாம் அத்தயே நெனச்சிக்கினு கெடக்கறேன்."

ராஜாங்கம் அழுதார். சின்னக்கண்ணுவுக்கு அழுகை வரவில்லை. உட்காரச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் சொல்லவில்லை.

வாத்தியார் ஜாக்கி வரவழைத்துப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார். பெயர்த்த இடத்தில் புதுப் பலகை போட்டார். பொங்கலுக்குப் பெட்டி ஓடியது. அன்றைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த கொல்லையில் சின்னக்கண்ணு கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டு மற்ற ஆட்கள் அரிவாளைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடினார்கள். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒதுக்கீடு வந்தது. ராஜாங்கத்தின் மகனுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. ராஜாங்கம் அதை யாரிடமும் சொல்லிக் கொண்டாடவில்லை. சின்னக்கண்ணுதான் ஒரு நாள் வாய்க்கால் மதகில் எதிர்ப்பட்டபோது நின்று, "தம்பிக்கு எடம் கெடச்சிடுச்சாமே. நல்லா படிக்கச் சொல்லுங்க" என்றார். மனசறிந்துதான் சொன்னார்.

அந்த வருஷமே தமிழழகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்து அப்பாவையும் கூட்டிப் போக வந்தான். செய்தி தெரிந்து ராஜாங்கம் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. சின்னக்கண்ணு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ் வந்தது. "போறேங்க" என்றார் சின்னக்கண்ணு.

"போறேன்னு சொல்லாதய்யா. போயிட்டு வரேன்னு சொல்லு."

கண்டக்டர் விசில் கொடுத்தார். சின்னக்கண்ணு பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்.