கத்தாத பிக்கப்

ஷாமினிக்கும் தனேஸ்வரனுக்கும் விவாகரத்து ஆன மறுவாரமே ஒரு கல்யாண நிகழ்ச்சி இருந்தது. இரண்டு பேரும் போனார்கள். அவன் கீபோர்டு, அவள் கித்தார். இருவரும் ஒரே இசைக்குழு. யாராவது ஒருவர் விலகிவிடுவார் என்று குழுவில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் விலகவில்லை. அவன் விலகாதபோது தான் விலகினால் தோற்றதாகிவிடும் என்று அவளும் விலகவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஷாமினி பிறந்தது ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றில். அங்கே கித்தா என்று சொல்லும் ரப்பர் போய் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் இடித்த பிறகு, அம்மா முத்தம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினாள். படிப்பு முடிந்ததும் ஷாமினி எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பழுதான சர்க்யூட் பலகைகளில் ஈயம் வைத்துச் சரிசெய்யும் வேலை. அங்கே ஹாஸ்டலில் இருந்த ஒரு பிலிப்பினோ பெண்தான் அவளுக்கு கித்தார் பழக்கியவள். அந்தப் பெண் ஊருக்குப் போன பிறகும் ஷாமினி விடவில்லை. சன்னாசியின் குழுவில் சேர்ந்தாள். அங்கேதான் தனேஸ்வரனைப் பார்த்தாள்.

அவன் பொய் சொல்லமாட்டான். அதுதான் அவனோடு குடித்தனம் செய்வதில் இருந்த கஷ்டம். ஒரு நாள் வீட்டுக்கு வராதவன், மறுநாள் காலையில், "ரவி வீட்டுல படுத்துட்டேன்லா" என்றான். உண்மைதான், அங்கேதான் படுத்திருந்தான். அன்றைக்கு அவன் கூட்டாளி ரவி ஊரில் இல்லை, ரவியின் தங்கைதான் வீட்டில் இருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் பாதியைச் சொல்வான். மீதியை நாம்தான் தோண்டி எடுக்கவேண்டும்.

தெலுக் இந்தானில் ஒரு மதிய விருந்தில்தான் கித்தார்ச் சண்டை தொடங்கியது. மெதுவான பாட்டு ஒன்று, நடுவில் கித்தார் மட்டும் வரும் இடம். ஷாமினி வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாள். கித்தார் 'கீ...' என்று வீறிட்டது. மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. அவள் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினாள், அப்போதும் நிற்கவில்லை. தனேஸ்வரன் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மைக்கை இழுத்தான்.

"மன்னிக்கணும், மேடையில ஒரு பூனை மாட்டிக்கிச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தான், மணப்பெண்ணும் சிரித்தாள். ஷாமினி ஒயரைப் பிடுங்கிவிட்டு நிகழ்ச்சி முடியும்வரை வெறுங்கித்தாரோடு நின்றாள்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது சன்னாசி வந்தார். டிரம்ஸ் வாசிப்பவர், குழுவும் அவருடையதுதான்.

"ஷாமினி, கித்தார் ரோசாக் ஆயிடுச்சுன்னா சரி பண்ணு. இல்ல, உள்ள பொந்து இல்லாத கட்டைக் கித்தாரா ஒன்னு எடு. அடுத்து ஆயர் தாவார்ல பெரிய வீட்டுக் கல்யாணம். அங்க இப்படி ஆகக்கூடாது."

"கித்தாருக்கு ஒன்னும் ஆகல அண்ணே. பிக்கப்தான்."

"பிக்கப்போ லாரியோ, கத்தக்கூடாது." சொல்லிவிட்டு அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

தனேஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன், அந்தப் பொந்துக் கித்தார் மேடைக்கு ஆகாதுன்னு" என்றான்.

"நீ எப்பவும்தான் சொல்லுவே." கல்யாணமான நாளில் அவனை 'நீங்க' என்றவள், விவாகரத்துக் கையெழுத்துப் போட்ட நாளில் 'நீ'க்கு மாறியவள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து கித்தாரை மடியில் வைத்துக்கொண்டாள். செமி ஹாலோ கித்தார். நடுவில் ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் பொந்து, மேலே வளைந்த இரண்டு துளைகள். கம்பிகளுக்குக் கீழே இரண்டு உலோகப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். அவைதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பிச் சுருள். மேலே கித்தார்க் கம்பி அதிர்ந்தால் அதைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்பவேண்டும். கம்பியை மட்டும்தான் பிடிக்கவேண்டும். சுருள் தளர்ந்துபோனால் அதுவே ஆட ஆரம்பித்துவிடும். பொந்துக் கித்தாரில் பலகையும் சேர்ந்து ஆடும். அந்தச் சத்தம் ஆம்ப்பில் வந்து, திரும்பக் கித்தாருக்குள் போய், வீறிடும்.

அவள் ஆம்ப்பைப் போட்டு, பிக்கப்பை நகத்தால் தட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து 'டொக்' என்று வந்தது. பிக்கப்பிடம் வாயைக் கொண்டுபோய், "நாசமாப் போறவன்" என்றாள். ஒலிபெருக்கியில் கேட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரைத் திட்டுறே?"

"டெஸ்ட் பண்றேன்."

"நல்லாப் பண்ணு. கித்தா வெட்டி உன்ன வளத்தேன். நீ கித்தார் தூக்கிப் புருஷனத் தேடுன. இப்ப புருஷனும் இல்ல."

"கித்தார் இருக்குல்ல?"

"அதுவும் கத்துதாமே. சன்னாசி பொண்டாட்டி சொன்னா." முத்தம்மா திரும்பிப் போய்க் கரண்டியைச் சட்டியில் ஓங்கித் தட்டினாள்.

அன்று இரவு குழுவின் வாட்ஸ்அப்பில் தனேஸ்வரன் ஒரு படத்தைப் போட்டான். செராமிக் காந்தம் வைத்த ஒரு ஜோடி பிக்கப். பலமான ரகம். கீழே எழுதியிருந்தான்: "இதப் போடச் சொல்லுங்க. கத்தாது. கியாரண்டி." அவள் குழுவில் இருக்கும்போதே, அவள் இல்லாத மாதிரி எழுதியிருந்தான். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். சன்னாசியும் காட்டினார்.

ஷாமினி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழுவில் அவனைப்போலக் காதுள்ளவன் வேறு யாருமில்லை. அது கத்தாது என்றால் கத்தாதுதான். மீதிப் பாதி என்ன?

சனிக்கிழமை நியூ டவுனில் இருக்கும் இசைக்கருவிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் லியோங், ஒரு கண்ணை டிவியில் வைத்துக்கொண்டு, மலாயில் கேட்டார், "அமோய், வீட்டுக்காரனுக்கா?"

"எனக்கு."

"நீ வாசிப்பியா?"

"இல்ல, சமைக்கப்போறேன். பிக்கப்ப எடுங்க."

அவர் முகம் சுளித்தார். ஆனால் மூன்று ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று தனேஸ்வரன் சொன்ன அதே செராமிக். இன்னொன்று மென்மையான காந்தம், பழைய முறையில் மெழுகு விடாமல் சுற்றியது. செமி ஹாலோவுக்கு அதைத்தான் போடவேண்டும், தெரிந்தவர்கள் அதைத்தான் வாங்குவார்கள் என்றார். அதுதான் விலையும் கூட. மூன்றாவதை ஓரமாகத் தள்ளி வைத்தார். நடுத்தரமான அல்னிக்கோ காந்தம், சுருள் ஆடாதபடி மெழுகில் முக்கி எடுத்தது, அலட்டாத ரகம்.

"கேக்கணும்" என்றாள் ஷாமினி.

"கேக்கறதுன்னா வாங்கணும்."

"கேக்காம வாங்குறதுக்கு இது என்ன மீனா?"

லியோங் டிவியை அணைத்தார். கோபத்தில்தான் அணைத்தார். மூன்று ரகமும் மாட்டிய கித்தார்கள் சுவரில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, 'கீறல் விழுந்தா நீதான்' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

மெழுகில்லாதது தேன். அவள் ஆம்ப்பை மேடை அளவுக்கு ஏற்றினாள். அது முனக ஆரம்பித்தது. வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு ஆகும், கல்யாண மண்டபத்துக்கு ஆகாது. அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து செராமிக். எவ்வளவு ஏற்றினாலும் கத்தவில்லை. ஒற்றைக் கம்பியை மீட்டினால் வாள் மாதிரி வந்தது. ஆனால் ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டியபோது எல்லாம் ஒரே களியாகக் கிண்டிக்கொண்டு வந்தது. இவள் வேலையில் முக்கால்வாசி அதுதான், பாட்டுக்குப் பின்னால் ஆறு கம்பியையும் மீட்டுவது. அந்தக் களிக்கு மேலே கீபோர்டில் ஒருவன் இரண்டு கையையும் விரித்து வைத்தால் என்ன கேட்கும்? கீபோர்டு கேட்கும். சத்தம் இருக்கும், கித்தார் இருக்காது. கொஞ்ச நாளில், 'கித்தார் எதுக்கு, அதையும் நானே வாசிச்சிடறேனே' என்பான்.

மீதிப் பாதி தெரிந்துவிட்டது. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். நல்ல சிரிப்பில்லை.

மூன்றாவது உதிரிச்சோறு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. ஆம்ப்பை முழுக்க ஏற்றி, அதன் முன்னாலேயே போய் நின்றாள். கத்தவில்லை.

"இது" என்றாள்.

லியோங் இரண்டைப் பொட்டலம் கட்டினார். அவள் பிரித்துப் பார்த்தாள். கழுத்துப் பக்கத்துக்கு ஒன்று, கம்பிகளைத் தாங்கும் பாலத்துப் பக்கத்துக்கு ஒன்று என்றுதான் ஜோடி வரும். பாலத்துப் பக்கம் கம்பிகள் கொஞ்சம் அகன்று ஓடும், அதற்கேற்றபடி திருகுகளும் அகன்றிருக்கவேண்டும்.

"ரெண்டும் கழுத்துப் பிக்கப்பு. ஏமாத்துறீங்களா?"

"ஒரே மாதிரிதான் அமோய்."

"ஒரே மாதிரின்னா ஏன் தனித்தனியா விக்கிறீங்க?"

அவர் மாற்றிக் கொடுத்தார். மாட்டித் தருவதானால் பொந்துக் கித்தாருக்கு இரட்டைக் கூலி என்றார். "உங்க கை அதுல படவே வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வேலை நடந்தது. இந்த மாதிரிக் கித்தாருக்குப் பின்னால் மூடி கிடையாது. உள்ளே இருக்கும் சாமான் அத்தனையும் அந்த வளைந்த துளை வழியாகத்தான் வெளியே வரவேண்டும், அதே வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு குமிழின் தண்டிலும் தையல் நூல் கட்டி மெல்ல இழுத்தாள். பழைய பிக்கப்பின் ஒயரை வெட்டினாள், புதியதற்கு ஈயம் வைத்தாள். திரும்ப இழுக்கும்போது ஒரு நூல் அறுந்தது. குமிழ் உள்ளே விழுந்துவிட்டது. கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். அம்மா சோறு வைக்க இடமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை அவள் முழங்கையில் இடித்தாள். வேலை முடிந்து ஆம்ப்பைப் போட்டு, பிக்கப்பிடம் வாயை வைத்துத் தெரிந்த கெட்டவார்த்தை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஒலிபெருக்கி மூச்சுவிடவில்லை.

ஆயர் தாவார் மண்டபத்தில் ஒலிச் சோதனையின்போது தனேஸ்வரன் அவள் ஆம்ப் பக்கத்திலேயே நின்றான்.

"ஏத்து" என்றான். ஏற்றினாள். "இன்னும்." ஏற்றினாள். "இன்னும் ஏத்துலா."

அது கத்தவேண்டும் என்று அவன் காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. கத்தவில்லை. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் புருவம் சுருங்கியது.

முதல் பாட்டிலேயே கித்தார் தனியாகத் தெரிந்தது. தனேஸ்வரன் கீபோர்டை ஏற்றினான். அவள் ஏற்றவில்லை, ஏற்றத் தேவையில்லை. பின்னாலிருந்து சன்னாசி குச்சியை நீட்டினார்.

"தனேஸ், கொறைலா! கித்தார் கேக்கணும்."

அத்தனை பேர் முன்னால் அவன் குறைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் குழுவினர் எல்லாரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அவன் தட்டோடு வந்து அவள் எதிரே நின்றான். விவாகரத்துக்குப் பிறகு அவளிடம் அவனாக வந்து நேராக ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"எதப் போட்ட?"

ஷாமினி அப்பளத்தை நொறுக்கினாள். "நீ சொன்னதத்தான். செராமிக்."

"பாத்தியா" என்றார் சன்னாசி, வாய் நிறைய பிரியாணியோடு. "தனேஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும். எப்படித் தெளிவா கேக்குது!"

தனேஸ்வரன் அவளையே பார்த்தான். "செராமிக் இப்படிக் கேக்காது."

"எப்படிக் கேக்கும்?" அவள் நிமிர்ந்தாள். "சொல்லு. அண்ணனும் இருக்காரு. எல்லாருக்கும் சொல்லு, செராமிக் போட்டா என் கித்தார் எப்படிக் கேக்கும்?"

சன்னாசி மெல்லுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தனேஸ்வரனின் தட்டில் சோறு பாதிக்குமேல் இருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் கை கழுவப் போனான்.

அவன் சும்மா இருப்பவனல்ல. அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் சொல்லாமல் கொள்ளாமல் பாட்டின் சுருதியை மாற்ற ஆரம்பித்தான். கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் போதும். கித்தாரில் விரல்களை எல்லாம் இடம் மாற்றவேண்டும். முதல் தடவை அவள் தடுமாறினாள். பிறகு அவன் இடது தோள் இறங்குவதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். பதிலுக்கு அவள் தாளத்தின் முன் விளிம்பில் போய் நின்றுகொண்டு அவனை விரட்டினாள். இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் கண்ணெடுக்காமல், ஒரு ஸ்வரத்தையும் நழுவவிடாமல் வாசித்தார்கள். பயந்து வாசித்தார்கள் என்பதுதான் சரி. ஷாமினி குழுவின் வேனை விட்டுவிட்டுத் தன் பழைய மைவி காரில் தனியாக வரத் தொடங்கினாள்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு மீன்பிடிப் படகுக்காரர் வீட்டுக் கல்யாணம். நிகழ்ச்சி முடிந்ததும் மணப்பெண்ணின் பெரியம்மா மேடைக்கு அருகே வந்து ஷாமினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பிரிஞ்சிட்டீங்கன்னு யாரோ தப்பாச் சொன்னாங்க ம்மா. வாசிக்கறதப் பாத்தாலே தெரியுதே, என்னா ஒத்துமை! கண்ண எடுக்காமப் பாத்துக்கறீங்க."

"அக்கா, அது சண்டை" என்றாள் ஷாமினி.

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த தனேஸ்வரன் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் ஒரு தாம்பூலப் பையை எடுத்து, இருவருக்கும் நடுவில் நீட்டினாள். "ஒரே வீட்டுக்குத்தானே போறீங்க. ஒன்னு போதும்ல?"

இருவர் கையும் நீளவில்லை.

"அவருக்குத் தனியா குடுங்க க்கா" என்றாள் ஷாமினி. தன் பையை மட்டும் வாங்கிக்கொண்டு, கித்தாரைத் தோளில் போட்டு, வெயிலில் நின்ற காரை நோக்கி நடந்தாள்.