கேட்காத வைத்தியம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அரிப்பு வந்தது. முதலில் முழங்கைப் பக்கம் சிறு சிறு முடிச்சுகள், பிறகு தோள், கழுத்து. சொறிந்தால் புண், புண் ஆறினால் கறுப்புத் தழும்பு. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. சேலையை விரித்துக் காட்டினால் பெண்களின் கண் சேலையில் நிற்காது, என் கையில் நிற்கும்.

கேட்காமலே வைத்தியம் சொல்வதில் நம்மாட்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதலாளி, "ஒடம்பு சூடுலா தம்பி, எளநி குடி" என்பார். சேலை எடுக்க வந்தவள் பேரத்தை விட்டுவிட்டு, கத்தரிக்காயும் கருவாடும் தொடாதே என்பாள். சுங்கை பினாங் பிளாட்டில் என் பக்கத்து வீட்டு அக்காதான் இவர்களுக்கெல்லாம் தலைமை டாக்டர். குப்பைமேனி இலையை மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவருவார். என் கையைப் பிடித்து இழுத்துத் தானே பூசிவிடுவார். "ஒண்டிக்கட்டையா இருந்தா இப்படித்தான்லா, கடையில கண்டதையும் திங்கிறது!"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். பச்சைக் கையோடு பஸ் ஏறினால் பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா? குழாயில் கழுவிவிட்டுத்தான் கிளம்புவேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். காரணம் சூடும் இல்லை, கருவாடும் இல்லை, எச்.ஐ.வி. என்றார் டாக்டர். இந்த அரிப்பு யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் அறை வாசலில் நான் உட்கார்ந்திருந்ததை எங்கள் பிளாட்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. முதலாளி என்னைக் கடையின் பின்பக்கம் மூட்டை பிரிக்கப் போட்டார். "அங்க காத்து நல்லா வரும் தம்பி" என்றார். இளநீர்ப் பேச்சே இல்லை. அக்காவின் கிண்ணமும் நின்றுபோனது. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி, நான் இறங்கிப் போகும்வரை நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருவரோடும் பேசாமல் பொழுது சாய்ந்துவிடும். அரிப்பைத் தாங்கினேன், அதைத் தாங்க முடியவில்லை. யாராவது என்னைத் திட்டிக்கொண்டே கையைப் பிடித்து இழுக்க மாட்டார்களா என்று ஏங்கினேன்.

அப்படி ஒரு ஞாயிறு மாலை நானே போய் அக்கா வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன். டாக்டர் கொடுத்த களிம்பு என் வீட்டில் இருந்தது. நான் மருந்துக்காகப் போகவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, கம்பிக்குள் நீட்டினேன்.

"அக்கா, அரிப்பு தாங்கல. என்னா போடலாம்?"

கரண்டியும் கையுமாக வந்தவர் என் கையைப் பார்த்தார். சளிக்கு, சுளுக்குக்கு, பேதிக்கு, பூரான் கடிக்கு, எதற்கும் அவரிடம் ஓர் இலை உண்டு.

"எனக்கு என்னா தம்பி தெரியும்," என்றார். "டாக்டர்கிட்ட கேளுங்க."

அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.