இந்தியா போன பழனியாண்டி

ஓடிப்போனவன் மகள் என்று சொன்ன வாயை ஜீவராணி சும்மா விட்டதில்லை. பத்து வயதில் அப்படிச் சொன்ன ஒருத்தியின் பல்லை உடைத்தாள். கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னபோது கொதிக்கிற தேயிலைச் சாயத்தண்ணியைச் சட்டியோடு வீசினாள். ஆனால் பெற்ற தகப்பனை அவளைப் போல் திட்டியவர்களும் இலங்கையில் றொசல்லப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிடையாது. அவளுக்கு ஐந்து வயதாகும்போது, கப்பலேறி இந்தியா போன சனத்தோடு சனமாகப் பழனியாண்டியும் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பதுதான் ஊர் சொன்ன கதை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயதான பிறகு, மகள் பிரேமினி போனிலேயே தேடித் துருவி இந்தியாவில் துறையூரில் தாத்தாவின் தம்பி ஒருவரைப் பிடித்தாள். அண்ணன் இந்தப் பக்கம் வரவே இல்லையே, அங்கேயே காலமாகிவிட்டதாக அல்லவா நினைத்தோம் என்றார் அவர்.

மறுநாளே தோட்டத்து ஆபீசுக்குப் போய், தராமல் நகரமாட்டேன் என்று வாசலை மறித்து நின்று, வேலைக்கு வந்தவர் பேர் பதிகிற பழைய செக்ரோல் புத்தகத்தை எடுக்க வைத்தாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் வேலை செய்த அப்பாவுக்கு அந்தக் கடைசி நாளில் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான், போட்டிருந்தது. பக்கத்தில், கங்காணி சின்னராசா சொன்னபடி இந்தியா போனார் என்று எழுதியிருந்தது. கப்பலுக்குப் போகிறவன் பாயும் பெட்டியும் கட்டி, குடியிருக்கிற லயமே கூடி அழுது வழியனுப்பத்தான் போவான். மத்தியானத்தில் கத்தியைப் போட்டுவிட்டு எவன் போவான்?

சின்னராசாதான் அப்பா இடத்தில் நின்று அவளைத் தாரைவார்த்துக் கொடுத்தவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் இலையை அவருக்குத்தான் வைத்தாள். ஆபீசிலிருந்து நேராக அவர் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குப் போனாள்.

"பெரியப்பா, அரைப்பேரு போட்ட மனுசன் எங்க போனாரு?"

இதைக் கேட்க ஒருநாள் வருவாய் என்று தெரியும் என்றார் கிழவர். தொழிற்சங்கத் தகராறு. பழனியாண்டி இருபது குடும்பத்தைத் தங்கள் சங்கத்திலிருந்து அடுத்த சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். நான்கு பேர் சேர்ந்து மம்பட்டிப் பிடியால் அடித்தார்கள். அதே மலையில் புதுத் தேயிலைக் கன்று நடத் தோண்டிய கான் பள்ளத்திலேயே போட்டு மூடினார்கள். மற்ற மூவரும் செத்துவிட்டார்கள்.

"ஒன் பேரச் சொல்லித்தாம்மா கெஞ்சினான். கடைசி அடி என்னோடது."

முப்பது வருடமாக அந்த மலையில் அவள் கொழுந்து பறித்திருக்கிறாள். அங்கே நின்றுகொண்டேதான் அப்பனைச் சபித்தும் இருக்கிறாள்.

சுவரில் மம்பட்டி சாய்ந்திருந்தது. முதல் அடி, தாரைவார்த்த அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கே கேட்டது. இரண்டாவதைத் தலைக்கு ஓங்கினாள். கிழவர் தடுக்கவில்லை, குனிந்து கொடுத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவ்வளவு லேசாகவா விடுவது?

"செத்துட்டா எடத்த யாரு காட்டுவா? நடங்க."

உடைந்த கை தொங்கத் தொங்க, பிடரியில் கைவைத்து மலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் காட்டிய நான்கு செடிகளையும் அவள் வெறுங்கையால் பிடுங்கப் போராடிக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது.

ஸ்டேஷனில் கிழவரை எதற்காக அடித்தாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவளும் சிங்களத்திலேயே, என் அப்பா இந்தியா போகவில்லை, அதை முதலில் எழுதுங்கள் என்றாள். கையை உடைத்ததை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். பொலிஸ்காரர் அதை எழுதி வாசித்துக் காட்டும்வரை அவள் உட்காரவில்லை.