முதல் ஆந்தையின் கால்

பறவைக் காட்சியகத்தின் கிடங்கில் பதிவேடு எழுதுகிறவர், முப்பத்தொரு ஆண்டுகளில் பன்னிரண்டாயிரத்து நானூற்றாறு பாடம் செய்த பறவைகளை வரிசை பிசகாமல் எழுதியிருந்தார். ஓய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அதில் ஒன்று தவறு என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் மரபணு ஆய்வாளர். இரவுப் பறவைகளின் கண் எப்படி மாறிவந்தது என்று ஆராய்கிற பெண். ஆந்தைக் குலம் இருட்டில் வாழப் பழகியதில், ஊதா நிறத்தைக் காட்டும் மரபணு அதற்கு வேண்டாததாகி, காலப்போக்கில் இல்லாமலே போய்விட்டது. அதைச் சரிபார்க்க ஆறு ஆந்தைகளின் காலில் துளித் தோல் வெட்டிக்கொண்டு போனார். ஐந்தில் அந்த மரபணு இல்லை. முதலாவதில் மட்டும் முழுசாக இருந்தது. அப்படியானால் அது ஆந்தையே இல்லை, பதிவேடு தப்பு என்று இயக்குநருக்கு எழுதிவிட்டார். இயக்குநர் கிடங்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பதிவேட்டை நம்ப வேண்டாம் என்று பதினொரு ஆய்வு நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்.

பதிவேட்டுக்காரர் இதை வீட்டில் சொன்னபோது, ஒரு ஆந்தைக்காகவா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள்.

மறுநாள் ஆய்வாளரைக் கிடங்குக்கு வரவழைத்து, எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டார்.

"இடதுபக்கத்துல இருந்து ஆறு, சார். உங்க பதிவேட்டுல அப்படித்தானே இருக்கு?"

"கால்ல கட்டின சீட்டைப் பார்த்தீங்களா?"

"எழுத்து பொடிசா இருந்துச்சு. வரிசையை வெச்சே எண்ணிட்டேன்."

அன்று செய்தபடியே செய்து காட்டச் சொன்னார். ஆய்வாளர் ஆந்தைகள் கிடந்த தட்டை அலமாரியிலிருந்து உருவி, வெளிச்சத்துக்காக ஜன்னலோர மேசைக்குக் கொண்டுபோய்த் திருப்பி வைத்தார். இடது வலதாகிவிட்டது. வேறு இடமில்லாமல் ஆந்தைகளோடு ஏழாவதாகக் கிடத்தியிருந்த, பகலில் வேட்டையாடும் வல்லூறு முதலாவதாக வந்து நின்றது. பூச்சி அண்டாதிருக்க எல்லாவற்றுக்கும் காகிதம் சுற்றியிருந்ததால் கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. வல்லூற்றின் காலில் வெட்டு இருந்தது. உண்மையான முதல் ஆந்தையின் காலில் ஒரு கீறலும் இல்லை.

"உள்ள இருக்கிற மரபணுவெல்லாம் படிக்கிறீங்க மேடம். ஆந்தைக்குக் கால்ல இறகு இருக்கும். இந்த மொட்டைக் காலை எப்படி வெட்டினீங்க?"

நடந்ததை இயக்குநரிடம் போய்ச் சொன்னார்கள். அவரோ, சுற்றறிக்கையை அடுத்த மாதம் திரும்பப் பெறலாம், என்ன அவசரம் என்றார்.

பதிவேட்டுக்காரர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஆய்வாளரைத் தன் மேசையில் உட்காரவைத்து, பதினொரு நிலையங்களுக்கும் அவர் செய்த பிழையை அவர் கையாலேயே எழுதவைத்தார். நான்காவது கடிதத்தில் தேதி தவறாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளை நீட்டினார்.