மாமாவின் வலது கால்

எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது தேவதானம் தோப்பில் மாங்காய் பறிக்கப் போன என் தாய்மாமா கிளை முறிந்து விழுந்தார். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் சேத்தூர் வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டது என்றார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. எப்படி நம்புவது?

அந்த வருடம்தான் பள்ளியில் நரம்பு மண்டலம் நடத்தினார்கள். மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி நரம்புகளில் பிரிந்து கால்விரல் வரை போகும், கால் தொட்ட சங்கதி அதே வழியில் மேலே ஏறும். படம் வரைந்து பாகம் குறித்ததில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்தத் திமிரில், மாமாவைச் சோதிக்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, மாமாவின் வலது உள்ளங்காலில் கீறினேன். கால் வெடுக்கென்று மடங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. மாமா என் முகத்தையே பார்த்தார்.

"கூசுதா மாமா?" என்றேன்.

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா தாயி, லேசா கூசுது" என்றார்.

சமையலறையிலிருந்து அத்தை ஓடி வந்தாள். மறுபடி கீறிக் காட்டினேன். அத்தை அந்தப் பாதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது, கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் அத்தைதான் முதலில் எழுந்தாள். "அவிய காலு அசைஞ்சிருச்சு. எம்புட்டு நாளு அழுதிருப்பேன், கர்த்தர் கேட்டுட்டாரு" என்றாள். ஸ்தோத்திரம் என்று சபை முழுக்கக் கைதட்டியது. கண்டுபிடித்தவள் நான் என்பதால் என்னையும் முன்னால் நிறுத்தினார்கள். அவ்வளவு பெருமையாக நான் அதற்குப் பிறகு எங்கும் நின்றதில்லை.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். அவரும் சாவியால் உள்ளங்காலைக் கீறினார். கால் மடங்கியது. பிறகு மாமாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் மாறி மாறிக் கீறி, எந்தக் கால் என்று கேட்டார். மாமா ஒன்றுமே சொல்லவில்லை.

"கீறுற சேதி தண்டுவடத்தோட கீழ்ப்பாகம் வரைக்கும் போயி அங்கேயே திரும்பிருதும்மா. அதான் கால் தானா மடங்குது. மூளைக்குப் போறதில்ல. இவருக்கு எதுவும் தெரியாது" என்றார் டாக்டர்.

"கூசுதுன்னு சொன்னாவளே சார்" என்றாள் அத்தை.

அந்த அனிச்சைச் செயல் பாடத்தை எங்களுக்கு அடுத்த வாரம்தான் நடத்தினார்கள்.

ஞாயிறுதோறும் சபையில், "இப்ப நடக்காவளா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு மாதத்தில் அத்தை சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு மாமாமீதுதான் கோபம். பொய் சொல்லி ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டார் என்று அவரோடு பேசுவதை விட்டேன். மறு வருடம் படுக்கைப்புண் புரையோடி இறந்துபோனார். அதுவரை நான் பேசவே இல்லை.

சாட்சி சொல்லிவிட்டு நாங்கள் சிரித்துக்கொண்டு வீடு திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தை கறிக்குழம்பு வைத்து மாமாவுக்கு ஊட்டிவிட்டாள். இனி நடக்கப்போவதில்லை என்பது அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தார்.