ஆற்றில் ஒரு முதலையை விட்டேன்

போன சனிக்கிழமை கோலா சிலாங்கூரில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் இது ஆற்றங்கரையைப் பற்றிய கூட்டம். கரை நெடுக நடைபாதை, ஜாகிங் டிராக், பெஞ்சுகள், தண்ணீர் வரை இறங்கிப் போகப் படிக்கட்டு... ஜனங்கள் ஆற்றை அனுபவிக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தானே? போனேன். கறி பஃப் வேறு கொடுத்தார்கள்.

திட்டத்தை விளக்கியவர் ஒரு தமிழ்ப் பெண். டவுன் பிளானர். சின்ன வயசு, நல்ல சுறுசுறுப்பு. விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு போட்டார். வெள்ளைக்காரன் ஆண்ட அவசரகாலத்தில் வரைந்த ஒரு பிளான் பழைய பைல் ஒன்றில் கிடைத்ததாம். ஆறு வளைகிற இடத்தில், கறுப்பு மையில், இங்கிலீஷில் ஒரு சொல் எழுதியிருந்தது — 'முதலைகள்'.

என் கையெழுத்து.

"ஸோ, இந்த ஸ்பாட்டுக்கு தாமான் புவாயான்னு பேர் வைக்கப் போறோம். முதலைப் பூங்கா. பெருசா ஒரு சிமெண்ட் முதலை. பிள்ளைங்க மேல ஏறி போட்டோ எடுக்கலாம்" என்றார் அந்தப் பெண். கைதட்டினார்கள். பிறகு முன்வரிசையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்து ஆளு லா. அங்க முதலையப் பாத்திருக்கீங்களா?"

கடித்த கறி பஃப்பைத் தட்டில் வைத்தேன்.

"பாத்திருக்கேன்" என்றேன்.

பொய்.

அறுபதைத் தாண்டியவன். பென்ஷன் வாங்குகிறவன். யாருக்கும் பயந்து பதில் சொல்ல வேண்டிய நிலையில் இல்லாதவன். பிறகு எதற்கய்யா பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அவசரகாலம் என்பது இன்றைய பிள்ளைகளுக்குப் பரீட்சையில் வரும் ஒரு கேள்வி. எங்களுக்கு அது ஒரு சத்தம். லோரி வந்து நிற்கிற சத்தம். யாரை ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறது? அடுத்த வீட்டிலா, நம் வீட்டிலா? அந்த எஞ்சின் ஓய்ந்து, பூட்ஸ் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிற வரைக்கும் வாயில் போட்ட சோற்றைக்கூட மெல்ல மாட்டோம்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். அவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட்டில் சோதனை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டு போகக்கூடாது. அரிசியை அளந்து கொடுப்பார்கள். சமைத்ததை வேலிக்குள்ளேயே தின்று தீர்த்துவிட வேண்டும். வேலிக்கு வெளியே உங்களிடம் ஒரு பிடி சோறு இருந்தால் போதும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள் — பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே நிற்க.

இந்த லட்சணத்தில், நான் வேலை செய்த ஆபீசுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். நான் அங்கே டிரேசர். பெரியவர்கள் போட்ட பிளானைப் பார்த்து வரைகிற வேலை. வயது இருபத்திரண்டு. துரைக்கு ஓர் ஆசை. ஜனங்கள் பயந்து பயந்து கிடக்கிறார்களே, ஆற்றங்கரையில் நாலு பெஞ்சு போட்டு, படிக்கட்டு கட்டி, சாயங்காலம் குடும்பத்தோடு வந்து காற்று வாங்க வைத்தால் என்ன?

எங்கள் ஊரில் வெயில் தாழ்ந்து மனிதன் வெளியே உட்காரலாம் என்று தோன்றுவது ஆறு மணிக்கு மேல். ஊரடங்கும் ஆறு மணிக்கு! இதைத் துரையிடம் யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைமை டிராப்ட்ஸ்மேன் யாழ்ப்பாணத்துக்காரர். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிட்டு, "சனம் எங்கால நடக்குதோ அங்கதான் படி கட்டோணும், தம்பி. நம்ம இஷ்டத்துக்குக் கட்டினா ஒருத்தரும் வராயினம். போய்ப் பாத்துக் குறிச்சுக்கொண்டு வாரும்" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் ஆற்றோரத்துச் சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர், அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்போம். "காக்கா, ஆத்துக்கு எந்த வழியா எறங்குவீங்க?"

"ஆறா? எந்த ஆறு?"

கடைக்குப் பின்னால் அவருடைய வீச்சு வலை சொட்டிக்கொண்டிருந்தது. கைலி முழங்கால் வரை ஈரம்.

"நாங்க ஏன் தம்பி அந்தப் பக்கம் போறோம்? குடிக்கக் குளிக்க பைப்புத் தண்ணி இருக்குல்ல. கோப்பி போடவா?"

அன்று முழுக்க இதே கதை. சலவைக்காரர் ஆற்றைப் பார்த்ததே இல்லை. சம்பான் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர், அது யாருடைய சம்பான் என்றே தெரியாது என்றார். அத்தனை பெரிய ஆறு... ஊரில் ஒருத்தருக்கும் அதோடு பழக்கமில்லை! அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆற்றின் வழியாகத்தான் சோறு மேலே காட்டுக்குப் போகிறது என்று போலீசுக்குச் சந்தேகம். அந்த நேரத்தில் ஒருவன் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வந்து, நீ எந்த வழியாக ஆற்றுக்குப் போவாய் என்று கேட்டால்?

நான் விடவில்லை. மனிதர்கள் சொல்லாவிட்டால் என்ன, தரை சொல்லாதா? புல் தேய்ந்த இடங்களைத் தேடி நடந்தேன். ஒற்றையடிப் பாதைகள் ஏழு கிடைத்தன. ஏழையும் பிளானில் சிவப்புப் பென்சிலால் புள்ளி புள்ளியாகக் குறித்தேன். ஏழாவது பாதை, ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் தொடங்கியது. மழைத் தண்ணீர் ஓடும் கான் வேலிக்கு அடியில் போகிற இடத்தில் ஓர் ஆள் நுழையும்படி இடைவெளி. அங்கிருந்து நீப்பாப் பனைப் புதருக்குள் புகுந்து தண்ணீர் வரை போனது. 'தினமும் நடந்த தடம்' என்று பக்கத்திலேயே எழுதி வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்!

பிளான் துரையின் மேஜைக்குப் போக ஒரு நாள் இருந்தது. கரையின் உயரத்தை அளக்க மறுபடியும் அந்த இடத்துக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். புதரை விலக்கினால் ஒரு பெண் தண்ணீருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என் காக்கிக் கால்சட்டையைப் பார்த்துப் போலீஸ் என்று நினைத்துவிட்டார். அப்படிப் பயந்த முகத்தை அதற்கு முன் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது.

"நான் போலீஸ் இல்லக்கா. பிளான் ஆபீசு."

மடியை மெல்ல அவிழ்த்தார். வாழை இலைத் துண்டில் ஒரு பிடி சோறு. ஓர் எள் உருண்டை.

அவர் பெயர் தாயம்மா. புல் வெட்டுகிற வேலை. புருஷன் வீரன் எட்டு மாதத்துக்கு முன் இறால் பிடிக்கச் சம்பானில் போனார். சம்பான் மட்டும் திரும்பி வந்தது. உடல் கிடைக்கவில்லை. ஆள் காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றது போலீஸ். மாதம் இரண்டு தடவை வந்து விசாரித்தார்கள்.

"காட்டுல இருந்தா நான் ஏன் தம்பி தாலியக் கழட்டுறேன்? தெனமும் வந்து பாக்குறேன். அமாவாசைக்கு மட்டும் ஒரு பிடி போடுறேன். என் பங்கு அரிசிதான், நான் திங்காம எடுத்து வச்சது. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு."

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். ஒரு பிடி சோறு என்ன கனம் இருக்கும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதும் நம்மூர்ப் பழமொழிதான். அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். ஆற்றில் போடத்தான் விடவில்லை.

"சொல்ல மாட்டேங்கா" என்று சத்தியம் செய்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சிவப்புப் பென்சிலில், புள்ளி வைத்து, குறிப்பெழுதி!

எந்தப் பிளானும் போலீஸ் பார்த்துச் சம்மதித்தால்தான் நடக்கும். அந்தக் குறிப்பை அவர்கள் பார்த்தால் காட்டில் இருக்கிற புருஷனுக்குப் பெண்டாட்டி தினமும் சோறு கொண்டுபோகிறாள் என்றுதான் படிப்பார்கள். வேறு எப்படிப் படிப்பார்கள்?

ஆபீசுக்கு ஓடி, ரப்பரை எடுத்து அந்த ஏழாவது பாதையை அழித்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்கிற ஊர். ஆனால் ஒரு சிவப்புக் கோட்டை அழிக்க எங்கள் ரப்பரால் முடியவில்லை. எழுத்து போனது. சாயம் போகவில்லை. வெற்றிலைக் கறை மாதிரி ஒரு திட்டு நின்றுவிட்டது. அழிக்க அழிக்கத் தாள் மெலிந்தது. ஐயா வந்து பின்னால் நின்றார். மேஜையில் கிடந்த ரப்பர் துகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் கூட்டம். துரை, ஐயா, ஒரு போலீஸ் அதிகாரி — அவரும் வெள்ளைக்காரர். நான் பிளானின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரியின் பிரம்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று பாதைகளை எண்ணிக்கொண்டே வந்தது. அந்தக் கறையின் மேல் நின்றது.

"இங்கே என்னவோ அழித்திருக்கிறதே. என்ன அது?"

அப்போது தாயம்மாவை மட்டும் நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. என் அடையாளக் கார்டை, அந்த ஐ.சி.யைப் பிடுங்கிக்கொண்டு என்னை லோரியில் ஏற்றுவதைத்தான் முதலில் நினைத்தேன். பாதையை மறைத்தவனும் கூட்டாளிதானே?

"முதலை, சார்" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? இன்றுவரை தெரியாது. ஆற்றில் முதலையே கிடையாதா என்றால், உண்டு. மேலே கீழே பார்த்ததாகச் சொல்வார்கள். அந்த வளைவில் நான் பார்த்ததில்லை. "பாதை என்று நினைத்துக் குறித்தேன் சார். முதலை ஏறி இறங்குகிற தடம். அதனால் அழித்தேன்."

அதிகாரி ஐயாவைப் பார்த்தார். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எஸ் சார், நானும் கேள்விப்பட்டேன்" என்றார். அவர் கேள்விப்படவே இல்லை. அவருக்கும் வீட்டில் நாலு பிள்ளைகள்.

"அப்படியானால் அழிக்காதே. தெளிவாக எழுது" என்றார் துரை. பேனாவை எடுத்து, அந்தக் கறையின் மேலேயே கறுப்பு மையில் எழுதினேன். போன சனிக்கிழமை திரையில் பார்த்தது அந்த எழுத்தைத்தான்.

முதலை இருக்கிற கரையில் பெஞ்சு போட முடியுமா? திட்டம் அன்றோடு முடிந்தது. ஜனங்களின் பாதுகாப்பை உத்தேசித்து அந்த வேலி இடைவெளியையும் அடைத்தார்கள். இந்தப் பக்கத்தில்தானே ஓர் ஆள் காணாமல் போனான் என்று அதிகாரிக்கு ஞாபகம் வந்தது. வீரனின் பைலில் முதலை என்று எழுதி மூடினார்களாம். தாயம்மா தப்பித்தார். நானும் தப்பித்தேன். அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாள் கழித்துத் தோட்டத்துக்கு வேறு வேலையாகப் போனேன். கேட்டில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரர், என் ஐ.சி.யை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு உள்ளே தாயம்மா என்னைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"போலீசு இனிமே வராதாம் தம்பி. அவரு காட்டுல இல்லன்னு எழுதிக்கிட்டாங்களாம்."

நான் தலையாட்டினேன்.

"முதலைன்னு சொன்னாங்க. பிளான் ஆபீசுத் தம்பிதான் பாத்துச்சாம். நீங்க பாத்தீங்களா?"

காவல்காரர் ஐ.சி.யிலிருந்து தலையைத் தூக்கினார்.

ஒரு சொல் போதும். இல்லக்கா, பொய் என்று ஒரு சொல். கண்ணைக் காட்டியிருந்தால்கூடப் போதும். அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேங்கா" என்றேன்.

"பெருசா?"

"...பெருசுதான்."

தாயம்மா அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு முட்டித்தான் போயிருப்பாருன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டேன் தம்பி. ரொம்ப நேரம் வலிச்சிருக்குமோ?"

நான் ஐ.சி.க்காகக் காவல்காரரிடம் கையை நீட்டினேன்.

"வேலிய அடச்சதும் நல்லதுதான். முதலை கெடக்குற ஆத்துல சோறு போட்டா, அது யாரு வாய்க்குப் போவும்?"

திரும்பி லயத்துக்குள் போய்விட்டார். சில மாதத்தில் எனக்குக் கோலா குபு பாருவுக்கு மாற்றல் வந்தது. சந்தோஷமாகக் கிளம்பினேன். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. அவசரகாலம் முடிந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது... எனக்குள் பயந்து கிடந்தவனுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தப் பிளானர் பெண்ணுக்கு விஷயத்தைச் சொல்ல இந்த வாரம் இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். பேசக் கூசுகிறவனுக்கு எழுதத்தானே தெரியும்? அவர் இதைப் படித்தால் சிமெண்ட் முதலையை நிறுத்திவிடட்டும். பெஞ்சு போடட்டும், அந்த இடத்தில் தண்ணீர் வரை படிக்கட்டு கட்டட்டும். மடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காமல் ஜனங்கள் இறங்கிப் போகட்டும்.

மற்றபடி இந்த வாரப் பத்தி ஒரே ஒருத்தருக்கு.

முதலை இல்லக்கா. நான் பார்க்கவே இல்லை.