பருத்தித்துறையில் எவடம்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு அறை தேடி நானும் வகுப்புத் தோழி சுகந்தியும் ஒரு வீட்டுக்குப் போனோம். சமூக உளவியல் படிக்கிறோம் என்றதும் வீட்டுக்கார அம்மாவுக்கு நல்ல பூரிப்பு.

"மனுசரைப் பற்றிப் படிக்கிறியள். நல்ல விசயம்."

தேத்தண்ணி தந்தார். அறைச் சாவியையும் மேசையில் வைத்தார். பிறகு ஊரைக் கேட்டார். இருவருமே பருத்தித்துறை என்றோம்.

"பருத்தித்துறையிலை எவடம்?"

எங்கள் பக்கத்தில் எந்த இடம் என்று கேட்பதே சாதியை அறியத்தான். நான் என் இடத்தைச் சொன்னேன். சுகந்தியும் மறைக்காமல் தன் இடத்தைச் சொன்னாள். அம்மா சிரித்தபடியே சாவியை எடுத்துக்கொண்டார்.

"அறையை வேறை ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன் பிள்ளை."

சுகந்தி வாசல் படலையைத் தாண்டியதும் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"நீர் தனிய எண்டா வாரும்."

அன்பாகத்தான் சொன்னார்.

"எனக்கும் வேண்டாம்," என்றேன்.

"உந்த விசயத்தை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை," என்றாள் சுகந்தி, திரும்பும் வழியில்.

மறுநாள் விரிவுரையில் பாரபட்சத்துக்கு உதாரணம் கேட்டார்கள். ஒருவன் அமெரிக்கா என்றான். இன்னொருத்தி தென்னாபிரிக்கா என்றாள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள், சுகந்தியும்.

அந்த அம்மாவின் சிரிப்பை விட, அவ்வளவு தூரம் போய் உதாரணம் தேடிய எங்கள் வகுப்பறைதான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.